மெஸ்காரி ரயிலில் ஏறினாளா

என் ஆய்வேடு கறுப்பு ரெக்சின் அட்டையும் தங்க எழுத்துமாகக் கண்டியிலிருந்து பஸ்ஸில் என் மடியிலேயே வந்து சேர்ந்தது. தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் அதை முதலில் கையில் வாங்கிப் பார்த்தவர் அடுத்த அறையில், அதாவது அடுத்த காம்பராவில், இருக்கும் அக்கா. முப்பது வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். அவர் அட்டையையும் பார்க்கவில்லை, தலைப்பையும் பார்க்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி ஒருமுறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, "ரெண்டு கிலோ வரும் டீச்சர். ஈரத்துக்குக் கழிச்சா ஒன்றரை" என்றார். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துவிடுவது தோட்டத்து வழக்கம். என் ஆய்வேட்டைப் பற்றி இதுவரை வந்த மதிப்புரைகளில் இதுதான் சரியானது. இன்னும் கொஞ்சம் கழித்திருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருக்கமாட்டேன்.

மலையகத் தோட்டப் பெண்களின் வாசிப்புப் பழக்கம் பற்றிய கள ஆய்வு அது. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டே, சனி ஞாயிறுகளில் கண்டிக்கு ஓடி ஓடி, நான்கு வருடத்தில் முடித்தேன். ஆய்வின் முடிவு ஒரு வரி: தோட்டப் பெண்களிடம் வாசிப்புப் பழக்கம் இல்லை. அந்த நான்கு வருடத்தில் ஆய்வாளரும் ஒரு கதைப்புத்தகத்தைக்கூட முழுதாக வாசிக்கவில்லை. அது ஆய்வின் எல்லைக்குள் வராது என்பதால் எழுதவில்லை.

என் மேற்பார்வையாளர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய சிவப்புப் பேனாவுக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும்: "சான்று?" லிந்துலையில் மழை அதிகம் என்று எழுதினேன். ஓரத்தில் "சான்று?" அந்த அத்தியாயத்தை நனைந்து நனைந்து கொண்டுபோய்க் கொடுத்தவளே நான்தான். என் குடைத் தண்ணீர் அவர் மேசைக்கடியில் குளமாக நின்றது. அதெல்லாம் சான்றாகாதாம். ஒரு வானிலை அறிக்கையைத் தேடிப்பிடித்து அடிக்குறிப்புப் போட்ட பிறகுதான் மழைக்கு அனுமதி கிடைத்தது. முன்னுரையில், ஆய்வாளரின் தாயார் கொழுந்து பறிப்பவர் என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்திலும் "சான்று?" அம்மாவைக் கூடையோடு கூட்டிப் போய் அவர் முன்னால் நிறுத்திவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மா வரமாட்டார், ஒருநாள் வேலை கெட்டுவிடும் என்பார்.

ஆய்வேட்டில் எனக்கே பிடித்த இடம் பின்னிணைப்பு மூன்று. மலையில் பெண்கள் தங்களுக்குள் பேசும் தொடர்களைத் திரட்டி அதில் போட்டிருந்தேன். மலை என்றால் எங்களுக்கு வேலை நடக்கும் தேயிலைக் காடு. அந்தத் தொடர்களில் ஒன்று: "சாவி எங்கிட்டதான் இருக்கு." வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து செடி நிரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டு அந்தப் பக்கம் போவார். உடனே யாராவது ஒருத்தி இடுப்பைத் தட்டிக்கொண்டு மெதுவாக இதைச் சொல்வாள். எல்லோரும் குலுங்கிச் சிரிப்பார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டேன். "சும்மா ஒரு பேச்சு டீச்சர்" என்றார்கள். நான் விடுவேனா? தோற்றம் தெரியவில்லை, முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த வழக்காக இருக்கலாம் என்று எழுதி வைத்தேன்.

வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என் முடிவுகளைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நேராகப் பின்னிணைப்பு மூன்றைத் திறந்து அந்தத் தொடரில் விரலை வைத்தார். "அருமை. இது எந்த மாவட்டத்து வழக்காக இருக்கும்?"

"பெரும்பாலும் தஞ்சாவூர்ப் பக்கம், சேர்."

அந்தத் தஞ்சாவூர் என் வாயில் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் குறித்துக்கொண்டார். மழைக்குச் சான்று கேட்ட மேற்பார்வையாளர் தஞ்சாவூருக்குக் கேட்கவில்லை. பாஸ் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

ஆய்வு தொடங்குவதற்கு முன்பெல்லாம் பின்னேரங்களில் அம்மா ரொட்டி தட்டும்போது நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுவேன். அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். பஸ் போர்டு வாசிப்பார், தன் பெயர் எழுதுவார், அதற்கு மேல் பொறுமை கிடையாது. ஆனால் கதை என்றால் உயிர். கடைசியாக நாங்கள் வாசித்தது ஹட்டனில் நடைபாதையில் வாங்கிய ஒரு பழைய நாவல். அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டன. எழுதியது யாரென்றும் தெரியாது. திருச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில், புருஷனை இழந்த பெண்ணொருத்தி மெஸ் நடத்துகிறாள். புருஷனுடைய தம்பி வீட்டைத் தன் பேருக்கு எழுதிக் கேட்டுத் தினமும் கழுத்தை அறுக்கிறான். ஒருநாள் விடிந்ததும் அவள் வீட்டைப் பூட்டிவிட்டு, தகரப்பெட்டியோடு ரயில் நிலையத்தில் போய் நிற்கிறாள். ரயில் வரும் சத்தம் கேட்கிறது. அந்த இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்துப் புத்தகத்தை மூடினேன். மறுநாள் ஆய்வுக்கு இடம் கிடைத்ததாகப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது.

"அவ ரயில்ல ஏறுனாளா புள்ள?" முதல் வருடம் அம்மா வாரத்துக்கு ஒருமுறை கேட்டார்.

"ஆய்வு முடியட்டும்மா. முழுசா வாசிச்சுக் காட்டுறேன்."

இரண்டாம் வருடம் எப்போதாவது கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஆய்வின் அருமை அம்மாவுக்கே புரிந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். என் வினாக்கொத்துக்குப் பதில் சொன்னவர்களில் அம்மாவும் ஒருவர். கடந்த ஓராண்டில் வாசித்த நூல்கள் எத்தனை என்று பேனாவும் கையுமாகக் கேட்டேன். "நீதான் வாசிச்சுக் காட்டலியே" என்றார். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்.

ஆய்வேடு வந்த மறுநாளே ஆசை ஆசையாக ஒரு கதைப்புத்தகத்தை எடுத்தேன். பாடசாலை நூலகத்துப் புத்தகம். கையில் எடுத்ததும் என் விரல்கள் தாமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் உசாத்துணை நூல்களின் பட்டியலைத் தேடின. இல்லை. முதல் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது. கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு வருடமாக அது அங்கேதான் இருந்தது, பூ வைக்கிற இடத்தில். மூன்றாவது பக்கத்தில் கதாநாயகி அழுதாள். நான் ஓரத்தில் 'போதிய காரணமில்லை' என்று எழுதினேன். பத்தாவது பக்கத்தில் இரண்டு பேர் காதலித்தார்கள். 'சான்று?' என்று எழுதிவிட்டு என் கையையே பார்த்தேன். சிவப்புப் பேனா இல்லாததுதான் குறை. சக ஆசிரியையின் கல்யாண அழைப்பிதழைக்கூட எடுத்ததும் எழுத்துப் பிழை தேடித்தான் வாசித்தேன். இரண்டு கண்டுபிடித்து அவரிடமே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு பின்னேரம் அந்தப் பழைய நாவலைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்தேன். அம்மா அன்றைக்கு ரொட்டியை முன்கூட்டியே சுட்டு வைத்துவிட்டு, கை கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். மறந்திருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டு ஒரு அத்தியாயம் பின்னாலிருந்து தொடங்கினேன். நான்கு வரி தாண்டவில்லை.

"இங்க பாருங்கம்மா. இந்த வீடு வெறும் வீடில்ல. அது ஒரு குறியீடு."

"வீடு வீடுதான் புள்ள. மேல வாசி."

மேலே வாசித்தேன். மெஸ்காரி சாம்பார் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் புத்தகத்தைக் கீழே வைத்தேன். பெண் உழைப்பை இந்த எழுத்தாளர் எப்படிப் பார்க்கிறார் என்று விளக்கத் தொடங்கினேன். அம்மா பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மலையில வேல பாக்க வர்ற கண்டாக்கு ஐயா மாதிரி நிரைக்கு நிரை வந்து நின்னா நாங்க எப்ப பறிச்சு எப்ப கூடை நெறையிறது? கதைய வாசிடி."

மூன்றாவது முறையும் நின்றேன். இந்த முறை அம்மா கையைக் காட்டவில்லை. புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பஸ் டிக்கெட்டைப் பழைய இடத்திலேயே வைத்து மூடினார். "விடு. அலுத்துப்போய்க் கெடக்குற" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அம்மாவிடம் இருந்த ஒரே ஒரு ஆசையை நான்கு வருடம் தள்ளிப்போட்டு, கடைசியில் அதைக் கொடுக்கத் தெரியாதவளாகவும் ஆகிவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது. பட்டம் வாங்கினேன், வாசிக்கத் தெரியாமல் போய்விட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த மாதம் சரஸ்வதி பூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டிலுள்ள புத்தகங்களைக் காலையிலேயே கொண்டுபோய்த் தோட்டத்துக் கோயிலில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட வேண்டும். மறுநாள் காலைப் பூசை முடிந்துதான் திருப்பித் தருவார்கள். அதுவரை ஒரு எழுத்தும் வாசிக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு வருடத்திலேயே சந்தோஷமான நாள் அதுதான். கல்விக்கு அதிபதியே படிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்ட நாள்.

அம்மா எங்கள் புத்தகங்களைச் சீலைத்துணியில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். கோயிலில் என் ஆய்வேட்டைக் குவியலின் உச்சியில் வைத்தார். ஐயர் அதன் தங்க எழுத்தின் மேல் தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்ததில் தலைப்பில் பாதி மறைந்துபோனது. அந்தத் தலைப்புக்கு அது நல்லதே. கோயில் கமிட்டித் தலைவர் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நம் தோட்டத்துப் பெண்களைப் பற்றி எழுதிய நூல் என்று நாலு பேருக்குச் சொன்னார். அந்தப் பெண்கள் வாசிப்பதில்லை என்பதுதான் உள்ளே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. திரும்பப்போன என் தலையில் அம்மாவின் கை பட்டது. கொண்டையிலிருந்த பென்சிலை உருவி, "இதுவும் இன்னிக்கி சாமிகிட்ட இருக்கட்டும்" என்று ஆய்வேட்டின் மேல் வைத்துவிட்டார்.

மத்தியானம் கோயிலோடு ஒட்டிய மடத்தில் பெண்கள் கூடினார்கள். பின்னேரப் பூசைக்குக் கடலை அவிக்க வேண்டும். ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து தேங்காய்ச் சில்லு நறுக்கினோம். வாசிக்கக்கூடாது, எழுதக்கூடாது, கையில் பென்சிலும் இல்லை. எனக்கு என்னவோ பல் விழுந்த மாதிரி இருந்தது.

ராகலையிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் இருந்தாள். அடுத்த காம்பரா அக்கா அவளைக் காட்டி, அம்மாவிடம், "இந்தப் புள்ளைக்கு மெஸ்காரி கதைய மொதல்லேருந்து சொல்லுங்கக்கா. தெரியாம சும்மா சும்மா முழிக்குது" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தேங்காயைப் பார்த்தார். "இன்னிக்கி வேணாம்."

"டீச்சர் இருக்காங்கன்னு பாக்குறீங்களா? சாமி புத்தகத்தத்தான் மூடச் சொல்லியிருக்கு. வாயையா மூடச் சொல்லியிருக்கு?"

அம்மா சொல்லத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த கதைதான், ரயில் சத்தம் கேட்கிற வரைக்கும். அங்கே என் பஸ் டிக்கெட் இருக்கிறது. அம்மா நிற்கவில்லை. மெஸ்காரி ரயிலில் ஏறிவிட்டாள்.

"ஏறி எங்க போனா?" என்றாள் ராகலைப் பெண்.

"ரயில் எங்க போகும்? நானுஓயாவுக்குத்தான்" என்றார் அக்கா.

என் நாக்கு சும்மா இருக்குமா? "திருச்சியிலேருந்து நானுஓயாவுக்கு எப்பிடி ரயில் வரும்? நடுவுல கடல் இருக்குதே."

ஏழெட்டுக் கத்தியும் ஒரே நேரத்தில் நின்றன. "நம்ம ஆளுங்கல்லாம் எப்பிடி வந்தாங்க டீச்சர்?" என்றார் ஒரு பெண். "கப்பல்ல வரல? அவளும் கப்பல்ல வந்து திரும்ப ரயில் ஏறுனா." வரலாற்றுப் பாடம் முடிந்தது. கத்திகள் மறுபடி ஓடின.

நானுஓயாவில் இறங்கினவள் குளிரில் நடுங்கினாள், சுவெட்டர் இல்லை. ராகலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டாள். "எங்க ஊர்லயா? எந்தக் கடை?" என்று அந்தப் பெண் பதறினாள். அம்மா சொல்லச் சொல்ல ஆளுக்கொன்று சேர்த்தார்கள். ஊரில் மச்சினனுக்கு வீட்டைத் திறக்க முடியவில்லை. ஏன் பூட்டை உடைக்கவில்லை என்று கேட்டதற்கு, அது திண்டுக்கல் பூட்டு என்று மூன்று பேர் சேர்ந்து பதில் சொன்னார்கள். அவன் அவளைத் தேடித் தேடி, கடைசியில் பசியோடு ராகலையில் அவள் கடையிலேயே வந்து உட்கார்ந்தான். குல்லாவும் சுவெட்டருமாக நின்றவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு கடைக்காரி என்று நினைத்துத் தன் சோகத்தை எல்லாம் சொல்லி அழுதான்.

என் கை கொண்டைக்குப் போயிருந்தது. அங்கே பென்சில் இல்லை.

"அப்புறம்?" என்றேன்.

நான்கு வருடத்தில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு எந்தச் சான்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாவி எழுந்து போவதற்குள் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. வாயில் தேங்காய்ச் சில்லு இருந்ததையும் விழுங்க மறந்துவிட்டேன்.

"அப்புறம் என்னா? அவன் தட்டுல இன்னொரு ரொட்டியப் போட்டா" என்றார் அம்மா. "அந்தப் பக்கம் திரும்பி நின்னு இடுப்பத் தட்டிக்கிட்டா." அம்மா தன் இடுப்பைத் தட்டினார். மடம் முழுக்க ஒரே குரலில் சொன்னது:

"சாவி எங்கிட்டதான் இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். ராகலைப் பெண் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். தஞ்சாவூருமில்லை, முன்னோருமில்லை. எங்கள் அடுப்பங்கரை! நான் நிறுத்திய இடத்திலிருந்து அம்மா நான்கு வருடமாக மலையில் அந்தக் கதையை நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். நான் வாசிப்புப் பழக்கம் இல்லை என்று கட்டத்துக்குக் கட்டம் சரி போட்டுக்கொண்டு அதே நிரையில் நின்றிருக்கிறேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன் அக்காவிடம்.

"அம்மாதான் வேணாம்னாங்க. கதை தப்புன்னு நீங்க திருத்திருவீங்களாம்."

அம்மா தலை நிமிரவே இல்லை.

மறுநாள் காலை பூசை முடிந்ததும் அம்மா பெரட்டுக்கு ஓடினார், பெயர் கூப்பிடும் நேரமாகிவிட்டது. பாடசாலைக்கு லீவு போட்டிருந்த நான் புத்தகக் கட்டை வாங்கிக்கொண்டு கோயில் படியிலேயே உட்கார்ந்து அந்த நாவலைத் திறந்தேன். பென்சிலைத் திரும்ப எடுக்கவில்லை. பஸ் டிக்கெட்டிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் வாசித்தேன். வீடும் குறியீடும் எனக்கு ஞாபகமே வரவில்லை. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான், அவள் ஏறினாளா?

ஏறவில்லை. கதையை எழுதிய அந்த மனுஷன் அவளை ஏறவிடவில்லை. ரயில் வந்து, நின்று, போய்விடுகிறது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி, சாவியை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறாள். அவள் மனம் நிம்மதியடைந்ததாம். புத்தகத்தைப் படியில் ஓங்கி அடித்தேன். சாமி கொடுத்த புத்தகம் என்று உடனே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடியும் அந்த எழுத்தாளரைத் திட்டினேன். எவ்வளவு நாளாகிவிட்டது ஒரு புத்தகத்தின் மேல் இப்படிக் கோபப்பட்டு என்று நினைத்தபோது சந்தோஷமாகவும் இருந்தது. அம்மாவை நினைத்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

பின்னேரம் அம்மா மலையிலிருந்து வந்து, கால் கழுவி, மாவைக்கூடத் தொடாமல் எதிரில் உட்கார்ந்தார்.

"எடு. எப்பிடியும் ஒருநாள் தெரியத்தான போகுது." புடவை நுனியைத் திருகிக்கொண்டே, "அதுல வேற மாதிரி இருந்தா, மலையில மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார்.

புத்தகத்தைத் திறந்தேன். அவள் பெட்டியோடு நிற்கிறாள், ரயில் சத்தம் கேட்கிறது. அதுவரை அச்சில் இருந்தது. அதற்குப் பிறகு என் கண் எழுத்தின் மேலேயே இருந்தது, வாய் வேறு கதை வாசித்தது. அவள் ஏறினாள். கப்பல் வந்தது. நானுஓயாவில் பனி மூடியிருந்தது. லிந்துலையின் மழைக்குச் சான்று தேடி அலைந்தவள், இல்லாத ஒரு கடையை ராகலையில் கட்டி, இல்லாத ரொட்டியை அவன் தட்டில் போட்டேன். எழுத்தாளர் நடையிலேயே, ஒரு இடத்திலும் நிற்காமல், விளக்கம் சொல்லாமல் வாசித்தேன். அவள் இடுப்பைத் தட்டிக்கொண்டதோடு முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

அம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அவ திரும்பிப் போயிட்டா, இல்ல?" என்றார்.

நான் மூடிய புத்தகத்தை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"நீ பக்கத்தத் திருப்பவே இல்லியே புள்ள."

நான் தலைகுனிந்துகொண்டேன். "சாவியையும் குடுத்துட்டாம்மா."

அம்மா அடுப்பைப் பார்த்தார். நான்கு வருடம் காத்திருந்து கேட்ட பதில் அது. அழப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் கையை நீட்டி மாவுச்சட்டியை இழுத்துக்கொண்டார்.

"மலையில சொல்லிராத" என்றார். மாவைப் பிசையத் தொடங்கினார். "நீ வாசிச்சதுதான் நல்லா இருந்துச்சு. அந்த நானுஓயா எடத்த இன்னொருக்கா வாசி."

நான் அதே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தேன்.